மூன்று வருஷ மண், ஒரு வருஷக் குத்தகை

1

என் அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. நாற்பது வருஷமாக விவசாயம் செய்கிறார். இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் வெளியூர்க்காரர். நன்னிலம் பக்கம் இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவர்களின் நிலம், இவற்றை வாய்வார்த்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர்கள்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர்.

போன ஆடியில் மானிய விலைக்குப் பாரம்பரிய நெல் விதை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். சுவரில் நம்மாழ்வார் படம் போட்ட ஃப்ளெக்ஸ். வெள்ளைத் தாடியோடு சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்.

"சிட்டா, அடங்கல் ஜெராக்ஸ் வச்சிருக்கீங்களா பெரியவரே?"

"குத்தகைங்க தம்பி."

"குத்தகைச் சீட்டு?"

"சீட்டெல்லாம் யாருங்க எழுதிக் குடுக்குறா? வாய்ப்பேச்சுதான்."

"அப்ப நெலக்காரர்கிட்ட ஒரு ஜெராக்ஸ் வாங்கிட்டு வந்துடுங்க."

அப்பா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். நிலக்காரரிடம் சிட்டா நகல் கேட்பது என்றால் என்ன அர்த்தம் என்று அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்களுக்குத் தெரியும். 'இவன் ரெக்கார்டில் பேர் ஏத்தப் பாக்குறான்' என்ற சந்தேகம் ஒரு தடவை விழுந்துவிட்டால் அடுத்த வருஷம் நிலம் கை மாறிவிடும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் உரக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆதார் அட்டையைக் காட்டினார், மெஷினில் கட்டை விரலை வைத்தார், ஒரு மூட்டை யூரியாவை எடுத்து என் வண்டியில் வைத்தார். 45 கிலோ, 266 ரூபாய் 50 காசு. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

அன்றிலிருந்து எனக்கு இது தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருக்கிறது. பட்டா கேட்காமல் என் அப்பா கைக்கு வந்து சேரும் விவசாய மானியம் அநேகமாக யூரியா ஒன்றுதான். இயற்கை விவசாயத்துக்கு மாறுங்கள் என்று அவரிடம் சொல்கிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, "உனக்குக் கிடைக்கிற அந்த ஒரே மானியத்தையும் விட்டுடு" என்றுதான் சொல்கிறார்கள்.

நான் யூரியாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. இயற்கை விவசாயத்தை நம்புகிறவன். எங்கள் வீட்டில் அதைச் செய்தே பார்த்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

2

2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் நம்மாழ்வார் இறந்தார். மறு வருஷம் அப்பா திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவுக்குப் போய் வந்தார். 'நெல்' ஜெயராமன் அங்கே வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது: இரண்டு கிலோ விதை வாங்கிக்கொண்டு போ, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு. பணம் வேண்டாம், ஜெராக்ஸ் வேண்டாம். அப்பா இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா கொண்டு வந்தார்.

எங்களிடம் அப்போது ஆறு மா குத்தகை இருந்தது. மா என்றால் 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர். முதல் வருஷம் ஒரு மாவில் மட்டும் ஒற்றை ஒற்றை நாற்றாக நட்டார். அடுத்த வருஷம் மூன்று மா, பிறகு ஆறும். கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டிக்கொண்டு வரும்போது பேசிவைத்துக் கிடை போட்டார். 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்பது எங்கள் பக்கத்துச் சொலவடை. தக்கைப்பூண்டு விதைத்துப் பூவெடுக்கும் முன் மடக்கி உழுதார். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் ஈரம் காயாத வயலில் உளுந்து தெளித்தார்.

முன்பு சி.ஆர்.1009 போட்டு உரம் வைத்தால் மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை வரும், 60 கிலோ மூட்டை. மாப்பிள்ளைச் சம்பா முதல் வருஷம் ஐந்து மூட்டைதான் கொடுத்தது. இரண்டாம் வருஷம் ஆறு. 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, டெல்டா முழுக்கச் சம்பா கருகியது. எங்கள் வயலும் காய்ந்தது. ஆனால் பக்கத்து வயல் காய்ந்து பத்து நாளைக்கு அப்புறம்தான் காய்ந்தது. அந்தப் பத்து நாளை வைத்துச் சோறு ஆக்க முடியாது என்று அம்மா சொன்னாள். உண்மைதான். வறட்சி நிவாரணம் அடங்கலில் பேர் இருந்த நிலக்காரருக்கு வந்தது. அவர் நல்ல மனுஷர், பாதியைக் கொடுத்தார். கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் அவரை நெருக்கவில்லை.

2017ல் மண் மாறிவிட்டது எங்களுக்கே தெரிந்தது. மண்வெட்டியில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. வரப்பு நெடுக மண்புழு எச்சம். மாவுக்கு எட்டு மூட்டை கண்டுமுதல் ஆச்சு, உளுந்து தனி. ஊரில் பேச்சு பரவியது. அது நிலக்காரர் காதுக்கும் போனது.

2018 சித்திரையில் ஃபோன் பண்ணினார். "ஏம்ப்பா, நெலம் இப்ப நல்லா வெளையுதாமே? மாவுக்கு மூணு மூட்டைங்கறது ரொம்ப நாளா அப்படியே கெடக்கு. இன்னொருத்தர் அஞ்சு தர்றேங்கறார்."

மாவுக்கு எட்டு விளைகிற நிலத்தில் ஐந்தைக் குத்தகையாகக் கொடுத்துவிட்டு மீதி மூன்றில் எதைச் சாப்பிடுவது? அப்பா விட்டுவிட்டார். நாலு வருஷம் சேர்த்த மண்ணை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அவர் முதல் வருஷமே யூரியா போட்டார், மண்ணில் கிடந்த எருவும் சேர்ந்துகொள்ள மாவுக்குப் பதினாலு மூட்டை எடுத்தார் என்று சொன்னார்கள். அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் குத்தகைக்காரர்தான். அடுத்த வருஷம் நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் அந்த வருஷமே எல்லாவற்றையும் எடுத்துவிடத்தான் பார்ப்பார்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். மண்ணை வளர்க்க மூன்று நாலு வருஷம் வேண்டும். குத்தகை வருஷத்துக்கு வருஷம் மாறும். இந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாத ஆராய்ச்சியும் திட்டமும் விருதும் என் அப்பாவுக்கு அல்ல, அவருடைய நிலக்காரருக்குத்தான் போய்ச் சேரும்.

3

நான் வேளாண்மை படித்தவன். அதனால் ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் பேசும் தைரியம் உண்டு.

இயற்கை விவசாயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வயலில் நிரந்தர உரச் சோதனை என்று ஒன்று 1909லிருந்து நடக்கிறது. 1925ல் இரண்டாவதாக இன்னொன்றும் தொடங்கினார்கள். தொழுவுரம் மட்டும் போட்ட பாத்தி, ரசாயன உரம் போட்ட பாத்தி, எதுவுமே போடாத பாத்தி என்று நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1978ல் தொடங்கிய டாக் சோதனையில் இயற்கை முறை விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு, ஆனால் உரப் பயன்பாடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. 2012ல் 'நேச்சர்' இதழில் வந்த தொகுப்பாய்வு சராசரி விளைச்சல் 25 சதவீதம் குறையும் என்றது. பயிரையும் முறையையும் பொறுத்து அது 5 சதவீதமாகவும் இருக்கும், 34 ஆகவும் இருக்கும் என்றும் அதே கட்டுரை சொன்னது.

இன்னொரு பக்கம், ஜூல்ஸ் பிரெட்டி குழுவினர் 2006ல் 57 நாடுகளில் 286 திட்டங்களைப் பார்த்து விளைச்சல் சராசரியாக 79 சதவீதம் கூடியது என்றார்கள். நம் இயற்கை ஆர்வலர்கள் இதைத்தான் எல்லா மேடையிலும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெருக்கம் பெரும்பாலும் இடுபொருள் அதிகம் பார்க்காத ஏழை நிலங்களில் வந்தது. ஐம்பது வருஷமாக யூரியா தின்று பழகிய காவிரி டெல்டா வயலுக்கு அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. எங்கள் வீட்டுக் கணக்கே அதற்குச் சாட்சி.

சரி, 25 சதவீதக் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். சொந்த நிலக்காரர் மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை எடுத்த இடத்தில் ஒன்பது எடுப்பார். அவருக்குக் கால் பங்கு நஷ்டம். குத்தகைக்காரர் பன்னிரண்டில் மூன்றைக் கொடுத்துவிட்டு ஒன்பதை வீட்டுக்குக் கொண்டு போனவர். இப்போது ஒன்பதிலும் அதே மூன்றைக் கொடுத்தாக வேண்டும், கையில் ஆறுதான். அவருக்கு மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். மண் ஒன்று, முறை ஒன்று, விதையும் ஒன்று, ஆனால் நஷ்டம் இரண்டு விதம். விளைச்சலை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் 'குத்தகை' என்று ஒரு பத்தி இருந்து நான் பார்த்ததில்லை.

படிக்கும்போது நான் ஒரு சின்னச் சோதனை செய்தேன். பாத்தி போட்டு, ஓர வரிசையைக் கழித்து, நடுவில் அறுத்து, எக்டருக்கு எத்தனை கிலோ என்று கணக்கெழுத வேண்டும். நெல் தரிசில் உளுந்து வருகிறதே, அதையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் உன் தலைப்புல வராதுப்பா. டேட்டா ஷீட்ல எங்க போடுவ?" என்றார் வழிகாட்டி. எரிச்சலோடு சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னார்.

அந்த வழக்கம்தான் பிரச்சினை. டெல்டா வயல் நெல்லை மட்டும் விளைவிப்பதில்லை. உளுந்தும் பயறும் விளைவிக்கிறது. மாட்டுக்கு வைக்கோல் தருகிறது. தண்ணீர் நிற்கும் மாசங்களில் குறவையும் கெண்டையும் நண்டும் நத்தையும் தருகிறது. நிலமில்லாத வீடுகளில் கறிக்குழம்பு என்பது பல நாள் அதுதான். குட்டை ரக நெல் வந்தபோது வைக்கோல் குறைந்தது, வைக்கோல் குறைந்ததும் மாடு குறைந்தது, மாடு குறைந்ததும் எரு குறைந்தது, எருவுக்குப் பதில் மூட்டை வந்தது. அறுவடை இயந்திரம் வந்தபோது தரிசில் முளைத்த உளுந்து சக்கரத்தில் நசுங்கியது. வருஷக் கணக்கில் இத்தனையும் ஏறி இறங்குகிறது. 'எக்டருக்குக் கிலோ' என்ற ஒரே தராசில் இதில் எதுவும் நிற்காது. கீதாரிகளின் கிடை ஒரு வயலில் எத்தனை தழைச்சத்தைச் சேர்க்கிறது, அதற்கு யார் எவ்வளவு கொடுக்கிறார், கூட்டமாக ஆடு நின்ற வயலில் அடுத்த மூன்று போகம் என்ன நடக்கிறது என்று குத்தகை வயல்களில் உட்கார்ந்து எண்ணும் ஆராய்ச்சிதான் எங்களுக்கு வேண்டும்.

2019ல் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் ஜீரோ பட்ஜெட் விவசாயத்தைப் பேசியதும் தேசிய வேளாண் அறிவியல் கழகம் அதை நிரூபிக்கப்படாத தொழில்நுட்பம் என்று எதிர்த்தது. அதில் நியாயம் இருந்தது. ஒரு நாட்டு மாட்டின் சாணம் முப்பது ஏக்கருக்குப் போதும் என்று சொன்னால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் நிரூபிக்கவில்லை என்று சொல்கிறவர்களிடம்தானே வயலும் சம்பளமும் ஆய்வகமும் இருக்கின்றன? குத்தகைக்காரர் வீட்டுப் பணத்தில் நாலு வருஷம் சோதனை செய்து பார்த்தாகிவிட்டது. இனி உங்கள் முறை.

4

திட்டங்களே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட் வந்தது. நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் வந்தது. கோயம்புத்தூரில் நம்மாழ்வார் பெயரில் ஆராய்ச்சி மையம் வந்தது. 1960களில் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்து வேலையை உதறிவிட்டு வெளியே வந்த மனிதருக்கு அரசு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பெயர்ப்பலகை. அங்கக விவசாயிகளுக்கு 5 லட்ச ரூபாய் நம்மாழ்வார் விருது. 2023ல் அங்கக வேளாண்மைக் கொள்கை. 2024ல் 206 கோடியில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்'. அதே ஆண்டு நவம்பர் 25ல் ஒன்றிய அமைச்சரவை 2,481 கோடியில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

2,481 கோடி என்றால் பெரிய தொகையாகத் தெரியும். அதே 2024-25 பட்ஜெட்டில் ரசாயன உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் 1 லட்சத்து 64 ஆயிரம் கோடி. ஒன்றரை சதவீதம் இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். ஒரே அரசு இரண்டு தட்டிலும் கை வைத்துக்கொண்டு, "விவசாயிகள் மாற மாட்டேன் என்கிறார்கள்" என்கிறது.

தொகையை விடுங்கள், வழியைப் பாருங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு வேளாண் சூழலியலுக்குப் பத்துக் கூறுகள் வகுத்திருக்கிறது. பன்முகம், மறுசுழற்சி என்று நாம் எதிர்பார்ப்பவை அதில் உண்டு. கூடவே அறிவைச் சேர்ந்து உருவாக்குதல், மனித சமூக மதிப்புகள், பொறுப்பான ஆளுகை என்றும் இருக்கின்றன. நில உரிமை அந்தக் கடைசிக் கூறுக்குள்தான் வருகிறது. தேசிய இயக்கத்தில் முன்னால் நிற்கும் எண்ணோ 10,000 உயிரி இடுபொருள் மையங்கள். பத்தில் மற்றதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, நாம் ஒரு புது இடுபொருளைக் கண்டுபிடித்திருக்கிறோம். முன்பு மூட்டை, இப்போது கேன்.

அடுத்து, தராசு. எங்கள் பக்கம் நெல் என்றால் நேரடி கொள்முதல் நிலையம்தான். அரசின் கொள்முதல் விதியில் அரிசிக்குத் தர வரையறை உண்டு. கல், மண், உடைந்த அரிசி, நிறம் மாறிய அரிசி என்று குறைகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. அந்தப் பட்டியலில் 'சிவப்பு அரிசி' என்றும் ஓர் இனம் இருக்கிறது. 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாப்பிள்ளைச் சம்பா சிவப்பு அரிசி. ஒரு துறை அதைப் பாரம்பரியம் என்று விதையாகக் கொடுக்கிறது, இன்னொரு துறை கல்லோடும் மண்ணோடும் சேர்த்துக் குறையாக எழுதிவைத்திருக்கிறது. சோதனை முயற்சியாகக் கொஞ்சம் பாரம்பரிய நெல் வாங்குவோம் என்று அறிவிப்புகள் வந்ததுண்டு. சோதனை என்பது விதி ஆகாது. கடன் வாங்கி நடவு செய்தவர் அறுத்த மறுநாள் காசு பார்க்க வேண்டும். நாங்கள் மாப்பிள்ளைச் சம்பாவைத் தனியாரிடம் விற்றோம். மூட்டைக்கு விலை கூடத்தான் கிடைத்தது, ஏழு மாசம் கழித்து. அதற்குள் வட்டி அந்தக் கூடுதலைத் தின்றுவிட்டது.

சான்றிதழும் இப்படித்தான். ஆண்டுப் பயிருக்குக் குறைந்தது இரண்டு வருஷம் மாற்றக் காலம் காட்ட வேண்டும், குழு முறையில் மூன்று வருஷம் வரை ஆகும். ஒரே நிலம், தொடர்ச்சியான பதிவு. வாய்வார்த்தைக் குத்தகைக்காரர் எந்த நிலத்தைக் காட்டுவார்?

5

இது புதிதாக நடப்பதும் இல்லை. 1960ல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நாட்டில் முதலில் தேர்ந்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. நன்னிலம் அன்று அதற்குள்தான் இருந்தது. 1965ல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நெல்லோடு நம் நெல்லைக் கலந்து, ஏ.டி.டி.27ஐக் குறுவைக்குக் கொடுத்தது. விளைச்சல் கூடியது, அதை மறுக்கவே முடியாது. அந்தக் கூடுதல் யாருக்குப் போனது? அமெரிக்க ஆய்வாளர் ஃபிரான்சின் ஃபிராங்கல் ஐந்து மாவட்டங்களைப் பார்த்து 1971ல் பசுமைப் புரட்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் தஞ்சாவூரும் ஒன்று. லாபம் நிலம் படைத்தவர்களிடம் அதிகம் சேர்ந்தது, குத்தகைக்காரரும் கூலியும் பின்தங்கினார்கள் என்பது அவர் கண்டது. இடையில் 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணி. கூலி கேட்ட மக்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். விளைச்சல் பெருகிய அதே ஆண்டுகள், அதே மாவட்டம்.

பசுமைப் புரட்சி பட்டாவின் வழியாக ஊருக்குள் வந்தது. இப்போது இயற்கை விவசாயமும் அதே பட்டாவின் வழியாகத்தான் வருகிறது. நஞ்சில்லா உணவு என்று பேசுகிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நஞ்சில்லாத சோற்றிலும் நியாயமில்லாத குத்தகை கலந்திருக்கலாம்.

களையைப் பற்றியும் சொல்ல வேண்டும். களைக்கொல்லி அடிக்காத வயல் என்று இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார்கள். அந்த வயலில் குனிந்து நின்றது யார்? எங்கள் வயலில் அம்மாவும் சித்தியும். முழங்கால் சேற்றில் நாள் முழுக்கக் கைக்களை எடுத்துவிட்டு ராத்திரி தைலம் தேய்க்கச் சொல்லுவாள். கோனோவீடர் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். எங்கள் களிமண்ணில் அதைத் தள்ள இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பெண்கள் தள்ளக்கூடிய எடையில், டெல்டா களிமண்ணுக்கென்று ஒரு களைக்கருவியைச் செய்து கொடுப்பது எந்தப் பஞ்சகவ்ய ஆராய்ச்சியைவிடவும் அவசரமான வேலை.

இந்த இடத்தில் யாராவது "இலங்கையைப் பார்த்தீங்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். பார்த்தேன். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் உத்தரவைத் திரும்ப வாங்கினார்கள். அதற்குள் நெல் விவசாயிகள் நொறுங்கிவிட்டார்கள். டாலர் தட்டுப்பாட்டில் இருந்த அரசு விவசாயியின் தலையில் கடனை இறக்கி வைத்துவிட்டு அதற்கு இயற்கை விவசாயம் என்று பெயர் வைத்தது. அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மாற்றக் காலத்தின் நஷ்டத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தொடங்கினால் அது உழுகிறவன் தலையில்தான் விழும். கொழும்பில் ஒரே நாளில் அதிகார உத்தரவாக விழுந்தது. நன்னிலத்தில் ஒவ்வொரு வீடாக, சத்தமில்லாமல் விழுகிறது.

6

குத்தகைக்காரருக்கு உரிமை கொடுத்தால் நிலக்காரர்கள் நிலத்தைத் தரிசாகவே போட்டுவிடுவார்கள் என்பார்கள். இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 1952ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் என்று நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. சட்டத்துக்குப் பயந்தே சீட்டு எழுதும் பழக்கம் அற்றுப்போனது என்றும் சொல்லலாம்.

அதனால் தனியார் நிலத்தில் தொடங்க வேண்டாம். அரசின் மேற்பார்வையில் இருக்கும் நிலத்தில் தொடங்கலாம். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் சுமார் 4 லட்சத்து 78 ஆயிரம் ஏக்கர் கோயில் நிலம் இருக்கிறது. டெல்டாவில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஐந்து வருஷம் வரை குத்தகைக்கு விட அறநிலையச் சட்டத்திலேயே இடம் உண்டு. நிஜமாக உழுகிறவர் பேருக்கு, உள்குத்தகையை ஒழித்து, ஐந்து வருஷச் சீட்டு எழுதிக் கொடுங்கள். மண்ணை வளர்த்தால் குத்தகை ஏறாது என்று அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். முதல் மூன்று வருஷம் குத்தகை நெல்லைப் பாதியாகக் குறையுங்கள். கோயில் மடப்பள்ளிக்கும் பள்ளிச் சத்துணவுக்கும் அந்த நிலத்து நெல்லையே வாங்குங்கள். சிவப்பு அரிசியைக் குறைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் தனி ரகமாக விலை வையுங்கள்.

செய்ய முடியாத காரியங்கள் அல்ல இவை. ஆந்திராவில் 2019ல் பயிர் செய்பவர் உரிமைச் சட்டம் வந்தது. நில உரிமையைத் தொடாமல், பதினொரு மாசத்துக்கு 'இந்தப் பயிர் இவருடையது' என்று ஓர் அட்டை. அதிலும் ஓட்டை உண்டு, பதினொரு மாசத்தில் மண் வளராது. இருந்தாலும் உழுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று அரசு காகிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறார்கள். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டு அறிவித்தோம். நிலத்தைப் பாதுகாத்தோம், சரி. உழுகிறவரை எப்போது பாதுகாப்பது?

ஆராய்ச்சியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களில் பலர் எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். அடுத்த தடவை பாத்தி போடும்போது அதில் ஒன்றைக் குத்தகை வயலில் போடுங்கள். நெல்லோடு உளுந்தையும் வைக்கோலையும் மீனையும் களையெடுத்த நாட்களையும் எழுதுங்கள். கடைசிப் பத்தியில், குத்தகை போக அந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை போனது என்று எழுதுங்கள். அந்த ஒரு பத்தி போதும், பாதித் திட்டங்களை மாற்றி எழுத வேண்டி வரும்.

அப்பாவுக்கு இப்போது வேறு இடத்தில் நாலு மா குத்தகை. சி.ஆர்.1009, யூரியா, எல்லாம் பழையபடி. வாய்க்கால் ஓரம் ஒரு பத்துக் குழியில் மட்டும் மாப்பிள்ளைச் சம்பா நடுகிறார். வீட்டுக்கு என்று சொல்கிறார். விதைக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அறுத்ததும் நல்ல கதிராகப் பொறுக்கி, காயவைத்து, வேப்பிலை போட்டுப் பானையில் கட்டி வைக்கிறார். ஆதிரெங்கத்துக்கு நாலு கிலோவைத் திருப்பிக் கொடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஜெயராமனும் 2018 டிசம்பரில் போய்விட்டார். பானை மட்டும் வருஷா வருஷம் நிறைகிறது.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று ஃபோனில் சொன்னபோது அவர் அதிகம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதெல்லாம் எழுதுனா அஞ்சு வருஷத்துக்குச் சீட்டு எழுதிக் குடுப்பாங்களாடா? கேட்டுச் சொல்லு. வெதை இருக்கு."